மேடைக் கிட்டாருக்கு எத்தனை பொத்தான் வேண்டும்?

கிட்டார் வாசிக்கும் நம் பிள்ளைகள் இப்போதெல்லாம் கிட்டாரைப் பற்றிப் பேசுவது குறைந்துவிட்டது. காலடியில் வைக்கும் பெட்டியைப் பற்றித்தான் பேச்செல்லாம். எந்தப் பெட்டிக்குள் எத்தனை ஆம்ப்ளிஃபயர்களின் ஒலி அடங்கியிருக்கிறது, எந்த வெள்ளைக்காரக் கலைஞரின் வாசிப்பை அது அப்படியே காட்டுகிறது, அதன் திரை எவ்வளவு பெரியது என்று மணிக்கணக்கில் அளக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளையானாலும் சரி, டவுனுக்குக் குடிபெயர்ந்து தாமான் வீட்டில் இருக்கும் பிள்ளையானாலும் சரி, இதில் வித்தியாசமே இல்லை.

பிள்ளைகள் பேசினால் பேசிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாம்தான். ஆனால் இதில் வீட்டுப் பணம் சம்பந்தப்பட்டிருக்கிறது. சென்ற பள்ளி விடுமுறையில் என் பழைய மாணவன் ஒருவனின் தாயார் என்னைத் தேடி வந்தார். மகனுக்குத் தொழிற்சாலையில் வேலை. சனி, ஞாயிறுகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் கிட்டார். "சார், ஏதோ பெட்டி வாங்கணுமாம். நான் கூட்டுக் கட்டிச் சேர்த்த காசை எடுத்துக் குடுங்கிறான். மீதியைத் தவணையில கட்டிக்கிறானாம். அது இல்லாம இந்தக் காலத்துல மேடை ஏறவே முடியாதுங்கிறானே, நெசந்தானா சார்?" என்று கேட்டார். இல்லை அம்மா என்று சொல்லி அனுப்பினேன். ஏன் இல்லை என்பதை வாசலில் நின்றபடி விளக்க முடியவில்லை. இதே கேள்வி வேறு வீடுகளிலும் இருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

நல்ல டிஜிட்டல் புரோசசர்களின் விலை பல ஆயிரம் வெள்ளி. 2025 பிப்ரவரியில் அரசாங்கம் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,700 வெள்ளியாக உயர்த்தியது. அந்தச் சம்பளம் வாங்குபவர் ஒருவர் உயர்ந்த ரகப் பெட்டி ஒன்றை வாங்க வேண்டுமானால், உண்ணாமல் உடுக்காமல் மூன்று நான்கு மாதம் உழைக்க வேண்டும்.

முதலில், இந்தப் பெட்டி என்ன செய்கிறது என்று தாய்மார்களுக்கும் புரிகிறமாதிரி சொல்லிவிடுகிறேன். மின்சாரக் கிட்டாரைத் தனியே மீட்டினால் பக்கத்து அறைக்குக்கூடக் கேட்காது. தந்திகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றாக மெல்லிய செம்புக் கம்பியும் இருக்கும். தந்தி அதிரும்போது அந்தக் கம்பியில் மிகச் சிறிய மின்சாரம் பிறக்கிறது. அதைப் பெருக்கி ஒலியாகத் தருவது ஆம்ப்ளிஃபயர். பெருக்குவது மட்டும் அதன் வேலையன்று. நாம் கிட்டாரின் குரல் என்று நினைப்பதில் பெரும்பங்கு அதனுடையது. பழைய ரேடியோவில் பார்த்திருப்பீர்களே, கண்ணாடி வால்வு, அது உள்ள ஆம்ப்ளிஃபயரில் மெதுவாக மீட்டினால் ஒலி தெளிவாக இருக்கும். ஓங்கி மீட்டினால் குரல் தடித்துக் கரகரக்கும். விரலின் அழுத்தத்தையே பொத்தானாக வைத்துக்கொண்டு வாசிக்கலாம். டிஜிட்டல் புரோசசர் இதையெல்லாம் கணக்காகப் போடுகிறது. தந்தியிலிருந்து வரும் அலையை விநாடிக்கு 48,000 தடவை என்ற விகிதத்தில் அளந்து, இன்ன ஆம்ப்ளிஃபயராக இருந்தால் இப்படி ஒலித்திருக்கும் என்று கணக்கிட்டு வெளியே விடுகிறது. நமக்குப் பிடித்த ஒலியை அமைத்துச் சேமித்தும் வைக்கலாம். வேண்டும்போது காலால் மிதித்தால் அது வந்துவிடும்.

கெட்டிக்காரப் பெட்டிதான், சந்தேகமில்லை. 1998இல் லைன் 6 நிறுவனத்தின் சிவப்பு நிறப் 'பாட்' பெட்டி வந்தபோது காது கூர்மையானவர்கள் குறை சொன்னார்கள். இன்றைய பெட்டிகளின் ஒலிப்பதிவைக் கேட்டு இது நிஜ ஆம்ப், இது கணக்கு என்று பிரித்துச் சொல்வது எனக்குச் சிரமம். ஆகவே என் வாதம் ஒலியின் தரத்தைப் பற்றியதன்று. மேடையில் கை எட்டுமா, கண் எட்டுமா என்பதைப் பற்றியது.

நிற்க. நம் பக்கத்தில் கிட்டார் மோகம் எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். 1960இல் இங்கிலாந்தில் 'தி ஷாடோஸ்' குழுவின் 'அப்பாச்சி' வெளிவந்தது. பாட்டே கிடையாது, வெறும் வாத்தியம். அந்நாட்டு விற்பனைப் பட்டியலில் 5 வாரம் முதலிடத்தில் இருந்தது. மறு ஆண்டு, 1961இல், கிளிஃப் ரிச்சர்டுடன் அந்தக் குழு சிங்கப்பூருக்கே வந்து ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் வாசித்தது. அதன் பிறகு சிங்கப்பூரிலும் தீபகற்பத்திலும் கிட்டார்க் குழுக்கள் மழைக்கால ஈசல்போலக் கிளம்பின. 1964இல் 'ஷாண்டி' வெளியிட்ட சிங்கப்பூரின் 'தி குவெஸ்ட்ஸ்' அந்த வழியில் வந்தவர்களே. மலாய் இளைஞர்களின் குழுக்களுக்குக் 'குகிரான்' என்றே பெயர் விழுந்தது. 'கும்புலான் கிதார் ரஞ்சாக்' என்பதன் சுருக்கம் அது. 'பாப் யே யே' என்று இன்றும் வானொலியில் கேட்டு மகிழ்கிறோமே, எம். ஒஸ்மான், ஜெஃப்ரிடின், ஏ. ரம்லி காலத்துப் பாடல்கள், அவற்றின் முன்னிசையில் கணீரென்று துள்ளி வரும் கிட்டாரைக் கவனித்துக் கேளுங்கள். ஷாடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினுடைய நிழல் அதில் விழுந்திருப்பது தெரியும்.

அந்த ஹாங்க் மார்வின் கையில் என்ன இருந்தது? ஒரு ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டர் கிட்டார்; 1959இல் கிளிஃப் ரிச்சர்ட் அமெரிக்காவிலிருந்து வரவழைத்துக் கொடுத்தது. அடுத்து, ஓர் இத்தாலிய எதிரொலிப் பெட்டி. அதற்கடுத்து ஒரு வாக்ஸ் ஆம்ப்ளிஃபயர். கதை முடிந்தது. மூன்றே பொருள்! ரசிகைகளின் கூச்சலை மீறிக் கேட்க வேண்டும் என்பதற்காக 15 வாட் ஆம்ப் போதாமல் வாக்ஸ் நிறுவனத்தார் 30 வாட் ஆம்ப் செய்தார்கள். புகழ்பெற்ற 'ஏசி-30' அப்படிப் பிறந்ததுதான். நம் குகிரான் இளைஞர்கள் எல்லாரிடமும் ஃபெண்டரும் வாக்ஸும் இருந்துவிடவில்லை. கிடைத்த கிட்டார், கிடைத்த ஆம்ப், முடிந்தால் ஓர் எதிரொலி. அதைக்கொண்டு ஒரு தலைமுறையையே ஆட வைத்தார்கள்.

அது அந்தக் காலம் என்று பிள்ளைகள் சொல்லலாம். சரி, இந்தக் காலத்து மண்டபத்துக்கே வருவோம். பிறந்தநாள் விருந்தோ கல்யாணமோ, மண்டபத்தில் இரவு 8 மணிக்கு வாசிக்க வேண்டும். பையன் ஒரு வாரமாக வீட்டில் உட்கார்ந்து, அண்டை வீட்டார் ஏசாமலிருக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பத்துப் பாட்டுக்குப் பத்து ஒலி அமைத்துச் சேமித்து வைத்திருப்பான். வீட்டில் கேட்கும்போது தேனாக இருந்திருக்கும். மேடையில் அதே ஒலி அடித்தொண்டையில் உறுமும். உச்சத்தில் காதைக் குத்தும். நடுவில், பாடகர் குரலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டிய இடத்தில், காணாமல் போய்விடும். பெட்டி கெட்டுவிட்டது என்று நினைப்பான். பெட்டி கெடவில்லை. நம் காது அப்படிப்பட்டது. ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது தாழ்ந்த சுருதியும் மிக உயர்ந்த சுருதியும் காதுக்குச் சரியாக எட்டுவதில்லை. எனவே, வீட்டில் சின்னச் சத்தத்தில் கேட்பவன் அந்த இரண்டையும் தன்னை அறியாமல் கூட்டி வைக்கிறான். மண்டபத்தில் சத்தம் ஏறியதும் கூட்டி வைத்தது வட்டியோடு வந்து நிற்கிறது.

இதோடு போகவில்லை. மாலை 5 மணிக்குக் காலி மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும்போது சுவரும் தரையும் ஒலியைத் திருப்பி அடிக்கும். இரவில் 300 பேர் வந்து உட்கார்ந்ததும் அவர்களுடைய உடம்பும் உடுப்பும் எதிரொலியை, அதிலும் உயர்ந்த சுருதியை, உறிஞ்சிக்கொள்ளும். ஆக, வீட்டில் ஓர் ஒலி, ஒத்திகையில் வேறு, கச்சேரியில் இன்னொன்று. சேமித்து வைத்த ஒலி எதற்குப் பொருந்தும்? ஆம்ப்ளிஃபயரில் மூன்று நான்கு திருகுகள்தான். முதல் பாட்டு ஓடும்போதே திரும்பிப் பார்க்காமல் கையை நீட்டி, அடிச்சுருதித் திருகைக் கொஞ்சம் குறைத்து, நடுத் திருகைக் கொஞ்சம் கூட்டினால், பல்லவி முடிவதற்குள் சரியாகிவிடும். புரோசசரிலும் இதைச் செய்யலாம். ஆனால் குனிந்து, திரையில் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, சரியான இடத்தைக் கண்டுபிடித்து மாற்றிவிட்டு நிமிர்வதற்குள் சரணம் வந்துவிடும். அந்தப் பாட்டுக்கு மாற்றியது அடுத்த பாட்டின் ஒலியில் மாறியிராது. பத்து ஒலி சேமித்திருந்தால் பத்தையும் மாற்ற வேண்டும். எல்லா ஒலிகளுக்கும் பொதுவாக ஒரே இடத்தில் கூட்டிக் குறைக்கும் வசதி பல பெட்டிகளில் உண்டு என்பது உண்மைதான். அதைத் தேடிப் படித்து வைத்திருக்கும் பையனை நான் இன்னும் பார்க்கவில்லை.

மின்சாரத்துக்கு வருவோம். நம் ஆட்கள் வாசிக்கும் மேடைகளில் பாதி, கோயில் திருவிழா மேடைகள். மின்சாரம் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. அதே ஜெனரேட்டரில்தான் வண்ண விளக்குகளும், ஐஸ் தண்ணீர்க் கடையும், சில வேளைகளில் ஐயர் வீட்டு மின்விசிறியும் ஓடுகின்றன. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு தீமிதித் திருவிழாவின் இரவில் நானும் மேடையில் இருந்தேன். துணைக் கிட்டார் என் வேலை. விளக்குகள் ஒரு கணம் மங்கி எரிந்தன, அவ்வளவுதான். முதன்மைக் கிட்டார் வாசித்த தம்பியின் புரோசசர் அணைந்து, மீண்டும் உயிர்பெற்று, திரையில் நிறுவனத்தின் முத்திரையைக் காட்டிக்கொண்டு நின்றது. அது கம்ப்யூட்டர் அல்லவா? எழுந்து, பல் விளக்கி, முகம் கழுவித்தான் வேலைக்கு வரும். பாடகர் கையை ஆட்டிக்கொண்டு நிற்க, டிரம்ஸ்காரர் புண்ணியத்தில் அரை நிமிடம் ஓடியது. என்னுடைய பழைய டிரான்சிஸ்டர் ஆம்ப் விளக்கோடு மங்கி விளக்கோடு பிரகாசித்தது. காலடியில் இருந்த பெடலோ 9 வோல்ட் பேட்டரியில் ஓடுவது; நடந்த சங்கதியே அதற்குத் தெரியாது.

பெடல் என்றேனே, அதையும் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கையளவு இரும்புப் பெட்டி, ஒரே வேலை, இரண்டு மூன்று திருகு. 1978இல் வந்த ஆரஞ்சு நிற பாஸ் 'டிஎஸ்-1' பெடலைக் கிட்டார் கடைகளில் பார்த்திருப்பீர்கள். குரலைக் கரகரப்பாக்குவது ஒன்றுதான் அதற்குத் தெரியும். திருகு எந்தப் பக்கம் நிற்கிறது என்று நின்றபடியே கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். எனக்குப் பிடித்த குணம் இதுதான். ஒலி மோசமானால் காரணம் பெடலா, ஒயரா, ஆம்பா என்று ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்து இரண்டு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். பெடல் செத்தால் ஒயரை நேரே ஆம்பில் செருகி மிச்சக் கச்சேரியை முடிக்கலாம். ஒரே பெட்டியில் எல்லாவற்றையும் வைத்திருப்பவனுக்கு அது நின்றால் எல்லாமே நிற்கிறது. பழுதுபார்ப்பதும் அப்படித்தான். டவுனில் ரேடியோ, டிவி பார்த்த பழைய ஆட்கள் இன்னும் ஓரிருவர் இருக்கிறார்கள். விட்டுப்போன இடத்தில் ஈயம் வைத்து, தேய்ந்த திருகை மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். புரோசசரைத் திறந்தால் அவர்களே கையை விரிக்கிறார்கள்.

எதிர்த்தரப்பு நியாயத்தையும் சொல்லாமல் விட்டால் வாத்தியார் ஓரவஞ்சனை செய்கிறார் என்பீர்கள். ஏசி-30 ஆம்ப் 30 கிலோவுக்கு மேல் கனக்கும். மாடிப்படியில் தூக்கிப் பார்த்தவனுக்குப் புரோசசரின் அருமை தெரியும். அடுக்குமாடி வீட்டில் இரவில் பயிற்சி செய்ய ஹெட்போன்தான் வழி. மேடையில் ஆம்ப்பே வைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு உள்ள ஹோட்டல்களும் தேவாலயங்களும் உண்டு. அங்கே வேறு வழியில்லை. அமெரிக்காவின் மெட்டாலிகா குழு 2013 டிசம்பரில் அண்டார்டிகாவில் உள்ள அர்ஜென்டினா நாட்டு ஆய்வு நிலையத்தில் வாசித்தபோது, கேட்க வந்தவர்கள் ஹெட்போன் வழியாகத்தான் கேட்டார்கள். பிற்பாடு அந்தக் குழுவின் உலகச் சுற்றுப்பயணங்களிலேயே கிட்டார்கள் டிஜிட்டல் பெட்டிகள் வழியாக ஒலித்திருக்கின்றன. இதைச் சொல்லித்தான் பிள்ளைகள் என்னை மடக்குவார்கள். ஆனால், அப்படிப்பட்ட பெரிய குழுக்களோடு சாமான்களைப் பார்த்துக்கொள்ளவே ஆட்கள் பயணம் செய்கிறார்கள். ஒன்று நின்றால் மாற்று ஒன்று தயாராக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் கிட்டாரை முதுகில் மாட்டிக்கொண்டு வரும் நம் பையனுக்கு யார் இருக்கிறார்கள்?

இன்னொன்று. புரோசசரில் ஒலி தாமதமாக வருகிறது என்று சில மூத்த கலைஞர்கள் குறை சொல்வதுண்டு. இதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்தத் தாமதம் பெரும்பாலும் ஒரு விநாடியில் ஆயிரத்தில் மூன்று நான்கு பங்குதான். அந்நேரத்தில் ஒலி காற்றில் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் அதிகமாகப் பயணம் செய்யும். ஆம்பிலிருந்து இரண்டு எட்டுத் தள்ளி நின்றாலே அந்தத் தாமதம் வந்துவிடுகிறது. குறை சொல்வதானாலும் சரியான குறையைச் சொல்ல வேண்டும்.

அப்படியானால் அந்தத் தாயாரின் மகன் என்ன வாங்க வேண்டும்? டிரான்சிஸ்டர் ஆம்ப் ஒன்று, 30 முதல் 50 வாட்டுக்குள், 12 அங்குல ஸ்பீக்கரோடு, பழையதாக இருந்தாலும் பரவாயில்லை. வால்வு ஆம்ப் இன்னும் இனிமையாக இருக்கும். ஆனால் விலை, எடை, வால்வு மாற்றும் செலவு எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஆரம்பக்காரருக்கு வேண்டாம் என்பேன். 1975 முதல் வரும் ரோலண்ட் 'ஜேசி-120' டிரான்சிஸ்டர் ஆம்ப்தான். அதில் வாசித்து யாரும் மானம் இழந்ததில்லை. 100 வாட் வேண்டும் என்று அடம் பிடிக்க வேண்டாம். வாட் இரு மடங்கானால் சத்தம் இரு மடங்காகாது. 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு வாட் வேண்டும். பெரிய மண்டபமானால் ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்துப் பொது ஒலிபெருக்கியில் விட்டுக்கொள்ளலாம். அடுத்து, கரகரப்புக்கு ஒரு பெடல், எதிரொலிக்கு ஒன்று, சுருதி பார்க்க ஒன்று. போதும். பையில் உபரியாக ஓர் ஒயர், ஒரு செட் தந்தி, இரண்டு பேட்டரி, இரண்டு ஃபியூஸ். இவ்வளவும் சேர்ந்தாலும் அவன் கேட்ட தொகையில் பாதிக்குப் பக்கத்தில்தான் வரும். கூட்டுக் காசைத் தொட வேண்டாம்.

ஆம்பைத் தரையில் வைக்காதீர்கள். உயர்ந்த சுருதி ஸ்பீக்கரிலிருந்து டார்ச் வெளிச்சம்போல நேராகத்தான் போகும். தரையில் இருந்தால் வாசிப்பவனின் முழங்காலுக்கு நன்றாகக் கேட்கும், காதுக்குக் கேட்காது. ஒலி மங்கல் என்று நினைத்து அவன் உச்சத் திருகை ஏற்ற, முன்வரிசையில் இருக்கும் பாட்டிமார் காதைப் பொத்திக்கொள்வார்கள். ஓர் உறுதியான நாற்காலியின்மேல் வைத்துக் கொஞ்சம் சாய்த்துவிட்டால் இருவருக்கும் நலம்.

பெற்றோர் கவனிக்க வேண்டியதும் உண்டு. மூன்று கால் பிளக்கில் உள்ள மண் ஒயரை எக்காரணம் கொண்டும் கழற்ற விடாதீர்கள். இரைச்சல் குறையும் என்று யாராவது சொல்லிக் கொடுப்பார்கள். குறையக்கூடும், ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை. ஃபியூஸ் போனால் அதே அளவு ஃபியூஸ்தான் போட வேண்டும், சிகரெட் பெட்டி ஈயத்தாள் அல்ல. வால்வு ஆம்ப் வீட்டில் இருந்தால் அதைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளே சில நூறு வோல்ட் தங்கியிருக்கலாம்.

பழைய ஆம்ப் வாங்கப் போகும்போது சொந்தக் கிட்டாரையும் சொந்த ஒயரையும் எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் எதையும் செருகாமல் சத்தத்தை ஏற்றி, இரைச்சல் எவ்வளவு என்று கேளுங்கள். ஒவ்வொரு திருகையும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெல்லத் திருகிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் உள்ளே தூசி என்று அர்த்தம். துடைத்தால் போய்விடும், ஆனால் விலையைக் குறைக்க அது ஒரு சாக்கு. ஸ்பீக்கர் காகிதத்தில் கிழிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு கால் மணி நேரமாவது வாசியுங்கள். சூடேறிய பிறகுதான் சில ஆம்ப்கள் தம் குணத்தைக் காட்டும். கால் மணி நேரம் எதற்கு என்று கடைக்காரர் முகம் சுளித்தால், கிட்டாரைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த கடைக்கு நடையைக் கட்டுங்கள்.